இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

1. ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனியில் சறுக்கிப் பார்க்க வேண்டும் என்று அப்பா சொன்னார்.

2. பனிச்சறுக்குக்குப் போகக்கூடிய இரண்டு இடங்களை எடுத்து நான் அட்டவணை போட்டேன். உத்தராகண்டில் ஔலி, காஷ்மீரில் குல்மார்க்.

3. மதிப்பெண்ணில் ஔலி முன்னால் வந்தது. அம்மா விரும்பியதும் ஔலிதான்.

4. நான் மதிப்பெண்களை மாற்றினேன். குல்மார்க் முன்னால் வந்தது.

5. அம்மா அட்டவணையை ஒப்புக்கொள்ளவில்லை. குலதெய்வக் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றாள்.

6. பூக்கட்டியது நான். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூவும் இன்னொன்றில் வெள்ளைப் பூவும் வைக்க வேண்டும். இரண்டிலும் வெள்ளையை வைத்தேன்.

7. அம்மா ஒரு பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை. குல்மார்க் என்று முடிவானது.

8. நான்காம் நாள், தன் மூட்டு ஆபரேஷன் வேண்டாம் என்று அம்மா மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டாள்.

இப்படி வரிசைப்படுத்தினால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வருகிறது. திருச்சியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதிய நிரலில் எங்கே தப்பு இருக்கிறது என்று எண் போட்டுத் தேடுவதுதான் தொழில். திருக்கோகர்ணத்தில் வீடு. காலையில் பஸ் ஏறினால் கீரனூர் தாண்டுவதற்குள் அன்றைய வேலைகளைப் பட்டியலாகப் போட்டுவிடுவேன். ஆனால் மேலே உள்ள எட்டில் நான்காவது ஏன் நடந்தது என்பது இல்லை. அதை எழுதாமல் விட்டால் ஆறாவதும் புரியாது.

முதலில் அப்பாவின் ஆசையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இருபது வருடத்துக்கு மேல் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். அதில் சில வருடம், ஒரு பெரிய கடை வளாகத்துக்குள் செயற்கைப் பனி போட்டுச் சறுக்க விடுகிற இடத்தில் இயந்திரப் பராமரிப்பு. இயந்திரங்கள் இருந்த அறை வெளியே. பனி கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

"அந்தக் குளிர உண்டாக்குனது நானு. ஒருநா அதுல நின்னது இல்ல," என்றார் அந்த ஞாயிற்றுக்கிழமை, தோசையைப் பிய்த்துக்கொண்டே. "வாற தை மாசம் போவமா? நெசமான பனி. நானும் காலுல அந்தச் சறுக்குக் கட்டைய மாட்டிக்கிட்டு ஒருதரம் சறுக்கிப் பாத்துர்றேன்."

"விழுந்து இடுப்ப ஒடச்சுக்கிட்டா யாரு பாக்குறது?" என்றாள் அம்மா.

"நீதான். எனக்கு ஒன்னைய விட்டா யாரு இருக்கா?"

"நானே ஒத்தக் கால இழுத்துக்கிட்டுத் திரியிறேன். நல்ல சோடிதான்."

அம்மாவுக்கு இரண்டு மூட்டும் தேய்ந்துவிட்டன. இடது மூட்டு மிகவும் மோசம். நடக்கும்போது உடம்பு முழுக்க ஒரு பக்கம் சாயும், பிறகு மறுபக்கம் சாயும். மூட்டை மாற்றிவிடலாம் என்று திருச்சி மருத்துவர் சொல்லி மூன்று வருடமாகிறது. "பாப்போம்" என்றே அம்மா ஓட்டிக்கொண்டிருந்தாள். இந்த வருடம் அப்பாவும் நானும் நெருக்கி ஐப்பசியில் ஒரு தேதி வாங்கினோம். தேதி வாங்கினோமே தவிர, அம்மா வாயால் சரி என்று சொல்லவில்லை.

மறுவாரம் அட்டவணை தயார். விமான நிலையத்திலிருந்து தூரம், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்ற சரிவு, பயிற்சி வகுப்பு, கூட்டம், பக்கத்தில் மருத்துவமனை, அம்மா நடக்க வேண்டிய தூரம், அம்மாவின் விருப்பம். ஒவ்வொரு வரிக்கும் அதன் முக்கியத்துவத்தைப் பொறுத்து ஐந்துக்குள் ஓர் எண். குல்மார்க்கில் கம்பியில் தொங்கும் கூண்டுப்பெட்டியில் உட்கார்ந்தே மலைக்குமேல் போகலாம். ஔலிக்கு மலைச்சாலையில் ஒரு பகல் முழுக்கக் காரில் போக வேண்டும். ஆனால் ஔலிக்குக் கீழே ஜோஷிமட் இருக்கிறது. பனிக்காலத்தில் பத்ரிநாத் கோயிலை மூடியிருக்கும்போது பூஜை அங்கேதான் நடக்கும் என்று அம்மா டிவியில் பார்த்திருந்தாள்.

"சாமியே குளிரு தாங்காம எறங்கி வந்து இருக்குற எடம்," என்றாள். "அங்க போனா சாமியையும் பாக்கலாம், அப்படியே பனியையும் பாக்கலாம். அவுலின்னே போடு."

அம்மாவின் விருப்பத்துக்கு நான் ஐந்து கொடுத்திருந்தேன். ஔலி ஜெயித்தது. எனக்கும் சந்தோஷம்தான். அதே வாரம் அலுவலகத்தில் என் குழுவைச் சேர்ந்த ஆறு பேர், தை மாதக் கடைசியில் பனிச்சறுக்குப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். எங்கே என்று கேட்டேன். ஔலி என்றார்கள். நாள் கூட ஏறக்குறைய நாங்கள் போவதாக இருந்த அதே நாட்கள்.

"நீயும் அப்பா அம்மாவோட ஸ்கீயிங் போறேன்னு சொன்னியே, எங்க போறீங்க?" என்று பக்கத்து இருக்கைத் தோழி கேட்டாள்.

"குல்மார்க்," என்றேன். யோசிக்கவே இல்லை.

அன்று மாலை பஸ்ஸில் அலைபேசியிலேயே அட்டவணையைத் திறந்து, அம்மாவின் விருப்பம் என்ற வரியில் ஐந்தை அழித்து இரண்டு போட்டேன்.

இதற்குக் காரணம் போன பொங்கலில் இருக்கிறது.

போன பொங்கலுக்கு அலுவலகத்தில் விழா வைத்தார்கள். குடும்பத்தையும் அழைத்துவரலாம் என்றார்கள். அம்மா அன்று திருச்சிக்கு ஒரு வேலையாக வந்திருந்தாள். நேராக அங்கேயே வந்துவிட்டாள். கோலப்போட்டி, கயிறு இழுத்தல் என்று எல்லோரும் வெளியே இருந்த நேரம். நான் அவளைக் கூடத்தில் பின்வரிசையில் உட்கார வைத்துவிட்டு ஓடிவிட்டேன். யாரிடமும் அறிமுகப்படுத்தவில்லை. வேண்டுமென்று அல்ல, நேரமில்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் குழுவின் வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு வீடியோ போட்டார்கள். பையன்கள் இருவர் கரும்பை வைத்துக்கொண்டு சண்டை போடுவது மாதிரி ஆடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால், தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா, கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகிறாள். அந்த நடையோடு. வீடியோ முழுக்க அவள் போய்க்கொண்டே இருக்கிறாள். அதன் கீழே ஒருவன் ஒரு பென்குயின் படம் போட்டான். அதற்குக் கீழே இன்னொருத்தி மூன்று பென்குயின் போட்டாள். எல்லோரும் சிரிக்கும் முகம் போட்டார்கள். அது யாருடைய அம்மா என்று யாருக்கும் தெரியாது. யாரோ ஒருவருடைய அம்மா என்பது தெரியும்.

நானும் ஒரு சிரிக்கும் முகம் போட்டேன். எல்லோரும் போட்ட இடத்தில் என் பெயர் மட்டும் இல்லாவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தோன்றியது. பத்துப் பேர் மட்டுமே இருக்கிற குழுவில்கூட அதை யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள் என்பது இப்போது தெரிகிறது.

ஔலியில் அவர்கள் அம்மாவைப் பார்த்தால், அவள் என் அம்மா என்று தெரியும். அம்மாவின் நடையும் நினைவுக்கு வரும். நான் போட்ட சிரிப்பும் நினைவுக்கு வரும். நான்காவது நடந்தது இதனால்தான்.

மாற்றிய அட்டவணையைக் காட்டியபோது அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். "எங்கிட்டு போனாலும் பனி பனிதான். எனக்கு ரெண்டும் ஒண்ணு," என்றார்.

அம்மா அலைபேசியை வாங்கவே இல்லை. "போன வாரம் அவுலின்னு சொன்ன பேப்பரு, இந்த வாரம் எப்படி மாத்திச் சொல்லுது?"

"மறுபடி சரிபாத்தேம்மா. ரோடு மோசம். அங்க ரோப்காரும் இப்ப ஓடல."

"நீ சரிபாக்குறது இருக்கட்டும். அவகிட்ட கேட்டுருவோம்."

அவள் என்று அம்மா சொன்னது எங்கள் குலதெய்வத்தை. அரிமளம் போகும் வழியில் பொட்டல் நடுவே சின்னக் கோயில். எங்கள் பங்காளிகள் வீட்டில் ஒரு வரன் தகையவில்லை என்றாலும், கிணறு வெட்ட இடம் பார்ப்பதென்றாலும் அங்கே போய்ப் பூக்கட்டிப் பார்ப்பார்கள். முறைகள் கண்டிப்பானவை. கேட்கிறவர் கட்டக் கூடாது. வீட்டில் வேறொருவர் கட்ட வேண்டும். ஒரே அளவு வாழை இலை, ஒரே மாதிரி நார். பூசாரி வாங்கி அம்மன் காலடியில் வைப்பார். கேட்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு தானே ஒன்றை எடுக்க வேண்டும். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அப்படியே ஊரணியில் போட்டுவிட வேண்டும்.

"செவப்பு வந்தா அவுலி. வெள்ளை வந்தா குல்மார்க்கு," என்று அம்மா முடிவாகச் சொன்னாள். "கட்டுறது நீ."

என்னைத்தான் கட்டச் சொன்னாள். அப்பா அவசரக்காரர், நார் அவிழ்ந்துவிடும் என்றாள். நான் எதையும் ஒழுங்காகச் செய்வேன் என்று அம்மாவுக்கு நம்பிக்கை.

புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமை காலையில் காரில் கிளம்பினோம். எங்கள் தெருமுனையில் பூ விற்கிற அக்காவிடம் நிறுத்தி நான் மட்டும் இறங்கினேன்.

"நந்தியாவட்டை ஒரு கை குடுங்கக்கா."

"என்னத்தா, சரமா வேணாமா? உதிரியாவா?"

"பூக்கட்டிப் பாக்குறதுக்கு."

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அரளியும் வேணுமே. செவப்பு இல்லாம என்னத்தப் பாப்ப?"

"அரளி வீட்டுலயே நிக்குதுக்கா. பறிச்சு வச்சிருக்கேன்."

வீட்டில் அரளி நிற்பது உண்மை. பறித்து வைத்திருக்கவில்லை.

"பாத்துக் கட்டாத்தா," என்று சொல்லிக்கொண்டே இலையில் பூவைச் சுற்றிக் கொடுத்தார். "கேக்குறவுகளுக்கு ஒண்ணுமில்ல. கட்டுறவுகளுக்குத்தான் அதுல பொறுப்பு."

காரில் ஏறும்போதாவது திரும்பி இறங்கி நான்கு அரளி வாங்கியிருக்கலாம். கோயிலுக்குப் பக்கத்திலும் ஒரு அரளிச்செடி பூத்து நின்றது. அதையும் பார்த்தேன்.

கோயிலுக்குப் பின்னால், பொங்கல் வைக்கிற கொட்டகையில் உட்கார்ந்து கட்டினேன். இலையை அளந்து நறுக்கினேன். ஒவ்வொன்றிலும் ஐந்து பூ. மடிப்பு, முடிச்சு எல்லாம் ஒன்றுபோல் வந்தன. எந்த முடிவு வர வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு எழுதுகிற சோதனையைச் சோதனை என்றே சொல்ல மாட்டோம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான். அன்று வேலை சுத்தமாக இருந்தது.

பூசாரி இரண்டையும் வாங்கிக் காலடியில் வைத்துச் சூடம் காட்டினார். அம்மா கண்ணை மூடினாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. இரண்டு ஊரில் எது என்று கேட்க இவ்வளவு நேரமா என்று எனக்குத் தோன்றியது. சூடம் அணைந்து பூசாரி இரண்டாவது கட்டியை ஏற்றினார். பிறகு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலை ஒதுக்கி, பாதி குனிந்து கையை நீட்டித் துழாவினாள். முதலில் ஒன்றைத் தொட்டாள். விட்டுவிட்டு மற்றதை எடுத்தாள்.

பூசாரி பிரித்தார். "வெள்ளை," என்றார்.

அம்மா அந்தப் பூவைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சரி ஆத்தா, ஒன் இஷ்டம்," என்றாள். மற்றப் பொட்டலத்தை நானே எடுத்துப் போய் ஊரணியில் போட்டேன். மறுநாள் ஶ்ரீநகருக்கு மூன்று டிக்கெட் போட்டேன்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை நான் வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். அம்மா அடுக்களையில் நின்று அலைபேசியில் பேசுவது கேட்டது. "இல்லீங்க சிஸ்டர். ஐப்பசில நாங்க வரல. இல்லீங்க, வேற தேதியும் வேணாங்க. எங்களுக்கு உத்தரவு கெடைக்கலங்க."

நான் எழுந்து போனேன். "என்னம்மா உத்தரவு?"

"அதான் கேட்டமுல்ல, பூவுல."

"ஊருக்குத்தானே கேட்டோம்?"

அம்மா வெங்காயத்தை உரித்துக்கொண்டே சாவகாசமாகச் சொன்னாள். "நீங்க ஊருக்குக் கேட்டீங்க. நான் எனக்கு ஒண்ணு கேட்டேன். செவப்பக் குடுத்தா, அவ என்னைய அந்த மலைக்கு நடத்திக் கூட்டிப் போறான்னு அர்த்தம். அப்ப கால அறுத்துக்கிறதுக்கும் தைரியம் குடுக்குறான்னு எடுத்துக்கிருவேன். வெள்ளையக் குடுத்தா, பொட்டியில உக்காந்து பாத்துட்டு வா, கால வெட்ட வேணாம்னு சொல்றா. வெள்ளையில்ல குடுத்தா?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"எனக்குச் சம்பந்தம் இருந்துச்சு. கேட்டேன்."

நான் திரும்பி வந்து மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தேன். அன்று ஒரு வேலையும் ஓடவில்லை.

அதன் பிறகு பதினெட்டு நாள் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லாமலே சரிசெய்யப் பார்த்தேன். மருத்துவரிடம் பேச வைத்தேன். ஆபரேஷன் செய்துகொண்டு இப்போது நன்றாக நடக்கிற, அப்பாவின் ஒன்றுவிட்ட அக்காவை வீட்டுக்கு வரச் சொன்னேன். அத்தை கூடத்தில் இரண்டு சுற்று நடந்தே காட்டினார். அம்மா காபி கொடுத்து, "ஒங்களுக்கு அவ குடுத்தா, செஞ்சுக்கிட்டீங்க," என்று அனுப்பி வைத்தாள். அப்பா ஒருநாள் கோபப்பட்டுக் கத்தினார். அதற்கும் அம்மா அசையவில்லை. தனக்குள் இருந்த பயம் போய்விட்டதால் அவள் முகம் தெளிவாகவே இருந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

பதினெட்டாம் நாள் கீரனூரில் ஒரு அறுபதாம் கல்யாணம். கார் பழுது பார்க்க விட்டிருந்ததால் பஸ்ஸில் போய்வந்தோம். திரும்பும்போது திருக்கோகர்ணத்தில் நான் முதலில் இறங்கிவிட்டேன். அப்பா எனக்குப் பின்னால். அம்மா படிக்கு வந்து நின்றாள். வலது காலை வைக்கப் பார்த்தாள், முடியவில்லை. இடது காலை வைக்கப் பார்த்தாள். பிறகு அப்படியே திரும்பி, முதுகு எங்கள் பக்கம் இருக்க, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏணியில் இறங்குவதுபோல் பின்பக்கமாக இறங்கினாள். பட்டுச்சேலை முழங்காலுக்கு ஏறிவிட்டது. பஸ் முழுக்கச் சன்னல் வழியாகப் பார்த்தது.

"மெதுவா எறங்குங்கத்தா. நீங்க எறங்காம வண்டி நகராது," என்றார் கண்டக்டர்.

அப்பா போய்த் தாங்கிப் பிடித்தார். நான் இரண்டு அடி தள்ளி நின்றிருந்தேன். அப்படி நின்றிருக்கிறேன் என்பதை, அம்மா தரையில் கால் வைத்த பிறகுதான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மா மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா, குல்மார்க்குக்கு என்று வரவழைத்திருந்த கையுறையைப் போட்டு விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியான வெயில்.

"அம்மா, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் இருந்துச்சு."

"எந்தப் பொட்டலம்?"

"கோயில்ல நான் கட்டுனது. செவப்பு வைக்கவே இல்ல."

அம்மா தேய்ப்பதை நிறுத்தினாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் மேலே பார்த்து எதையோ கூட்டிக் கழிப்பது போல் யோசித்தாள்.

"எங்க உக்காந்து கட்டுன?"

"பின்னால கொட்டகையில."

"அவ முதுகுக்குப் பின்னாலயேதானே உக்காந்து கட்டியிருக்க. அவளுக்குத் தெரியாமலா? அவுலி வேணாம்னு அவளுக்கு இருந்திருக்கு. அதான் ஒன் கையில செவப்ப வரவிடல."

"நான்தாம்மா வைக்கல. அம்மன் இல்ல."

"ஒனக்கு அப்படித் தோண வச்சது யாரு?"

அப்பா சிரித்துவிட்டார். "விட்டுரு ஆத்தா. இவ கோர்ட்டுல அம்மன் தோக்குறதுக்கு வழியே கெடையாது."

அம்மாவும் லேசாகச் சிரித்தாள், தைலக் கிண்ணத்தை மூடினாள். பேச்சு அதோடு முடிந்திருக்கும். நான் தப்பித்திருப்பேன். ஏமாற்றியதையும் ஒப்புக்கொண்டாகிவிட்டது, மன்னிப்பும் கிடைத்துவிட்டது. அவள் கால் மட்டும் அப்படியே இருக்கும்.

"எனக்குத் தோண வச்சது என் ஆபீஸ்தாம்மா," என்றேன். "எங்க ஆபீஸ் ஆளுங்க அதே நாளுல அவுலிக்குப் போறாங்க."

"போனா நல்லதுதானே. தொணைக்கு ஆளாச்சு."

"அவங்க ஒன்னையப் பாக்க வேணாம்னு நெனச்சேன்."

அப்பா கையுறையைக் கழற்றினார். அம்மா என் முகத்தையே பார்த்தாள். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"சீலையா, நடையா?"

இரண்டும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். மறுபடியும் பொய்யாக இருந்திருக்கும்.

"நடை," என்றேன்.

அந்த வீடியோவைப் பற்றியும் நான் போட்ட சிரிப்பைப் பற்றியும் அப்போது சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. தைலக் கை படாமல் புறங்கையால் சேலையைக் கணுக்காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. நான் அங்கே நிற்கிறவரை எழுந்திருக்க மாட்டாள் என்று எனக்குப் புரியவே நேரம் பிடித்தது. நடக்க வேண்டுமே.

நான் வாசல் பக்கம் போனேன். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. "அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போடு. மொதல்ல இடது காலுன்னு சொல்லு."

"அம்மா, நான் சொன்னதுக்காக வேணாம்மா."

"வேற எதுக்கு? அவ தைரியம் குடுக்கலன்னு ஆயிருச்சு. நீ சொன்னது இருக்குல்ல."

அப்பா வெளியே வந்து செருப்பைத் தேடினார். என்னைப் பார்க்காமல், "இத்தன வருசமா நான் சொல்லிக் கேக்காதவ," என்றார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கே போனார் என்று தெரியாது. விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பினார்.

அம்மாவுக்கு நல்லதுதானே நடக்கப் போகிறது என்று நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு மூன்று முறை சொன்னேன். மூன்று வருடம் மருத்துவரும் அப்பாவும் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு சொல் செய்திருக்கிறது. அந்தச் சொல் எது என்று நினைத்தால் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. பயத்தோடு அவள் அம்மனிடம் தைரியம் கேட்டாள். நான் அதைக் கொடுக்க விடவில்லை. அதற்குப் பதில் என்னிடமிருந்து அவளுக்குக் கிடைத்தது இது.

இன்றைய நிலவரம் இதுதான். ஆபரேஷன் வருகிற புதன்கிழமை. முதலில் இடது கால். மருத்துவமனைக்கு வேண்டியதைப் பட்டியல் போட்டுப் பை கட்டியாகிவிட்டது. குல்மார்க் டிக்கெட்டுகளை ரத்து செய்துவிட்டேன். ஔலிக்கும் எதுவும் பதிவு செய்யவில்லை. இந்த வருடம் பனி வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அலுவலகத்தில் யாரிடமும் நான் இன்னும் எதுவும் பேசவில்லை. அம்மா என்னோடு முன்போலவே பேசுகிறாள். காலையில் சாப்பாடு கட்டித் தருகிறாள். வெளியில் சேர்ந்து போக வேண்டியிருந்தால் மட்டும், தெருவில் இறங்கியதும், "நீ முன்னால போ, நான் வாரேன்," என்கிறாள். நான் நின்றால் அவளும் நின்றுவிடுகிறாள்.